சுகர் இல்லாத எனக்கு சென்சார் 168 காட்டுகிறது. நம்பலாமா?

கோவைக்காரி:
எனக்கு சுகர் கிடையாது. போன மாதம் லேபில் ஃபாஸ்டிங் 88, ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் டெஸ்ட்) 5.2. அப்பா, சித்தப்பா இரண்டு பேருக்கும் இருப்பதால் ஒரு பயம். அதனால் சுகரை விடாமல் அளந்து காட்டும் 14 நாள் சென்சாரைக் கையில் ஒட்டிக்கொண்டேன். நாலு இட்லி சாப்பிட்டால் 168 வரை ஏறுகிறது. அதே நேரம் விரலில் குத்திப் பார்த்தால் 139. நடு ராத்திரியில் 58 என்று அலாரம் அடித்து வீட்டையே எழுப்புகிறது. எழுந்து பார்த்தால் வியர்வை, படபடப்பு எதுவும் இல்லை. எதை நம்புவது? இட்லியை விட்டுவிடட்டுமா?

மாடிவீட்டுக்காரர்:
சுகரே இல்லாதவருக்கு இது எதற்கு? காசுக்குப் பிடித்த கேடு.

லேப் அண்ணன்:
ஒட்டியாகிவிட்டது, விடுங்கள் சார்.

சகோதரி, சென்சார் இருக்கும் கைப்பக்கமே ஒருக்களித்துப் படுக்கிறீர்களா? அந்த இடம் அழுந்தினால் அளவு பொய்யாக இறங்கும். கிராஃபைப் பெரிதாக்கிப் பாருங்கள். சட்டென்று பள்ளம் விழுந்து, புரண்டு படுத்ததும் மளமளவென்று மேலே வந்திருந்தால் இதுதான் காரணம்.

பகல் கணக்கு வேறு. சென்சார் ரத்தத்தில் அளப்பதில்லை, தோலுக்கடியில் செல்களுக்கு நடுவே இருக்கும் நீரில் அளக்கிறது. ரத்தத்தில் நடப்பது அங்கே தெரிய 5 முதல் 15 நிமிடம் ஆகும். சுகர் இறங்கிக்கொண்டிருக்கும்போது குத்தினால் சென்சார் கூடுதலாகத்தான் காட்டும். விரலில் குத்திப் பார்க்கும் மீட்டரும் சுத்தத் தங்கம் இல்லை: உண்மை அளவு 140 என்றால் 119 முதல் 161 வரை எதைக் காட்டினாலும் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரத்தில் தேறிவிடும்.

பழைய நோயாளி:
சென்சாரில் காலிபரேஷன் போட்டுவிடுங்கள், அதாவது விரலில் பார்த்த அளவைக் கொடுத்துத் திருத்துங்கள், சரியாகிவிடும்.

லேப் அண்ணன்:
எல்லா சென்சாரிலும் அந்த வசதி இல்லை அண்ணே. பல சென்சார்கள் கம்பெனியிலேயே செட் செய்து வருபவை.

இன்னொன்று, வைட்டமின் சி மாத்திரை போடுகிறீர்களா? சில சென்சார்களில் அது அளவை ஏற்றிக் காட்டும்.

கோவைக்காரி:
ஆமாம், சளிக்காக தினமும் போடுகிறேன்! படுப்பதும் சென்சார் பக்கம்தான்.

ராத்திரி டூட்டி:
இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகம் 2025இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. சுகர் இல்லாதவர்களை வைத்து சென்சாரையும் விரல் ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். ஒரு ஸ்மூத்தியின் கிளைசெமிக் இண்டெக்ஸ் (ஓர் உணவு சுகரை எவ்வளவு ஏற்றும் என்ற குறியீடு) விரல் ரத்தத்தில் 53, சென்சாரில் 69. நல்ல உணவு கெட்ட பெயர் வாங்குவது இப்படித்தான். அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு ஒவ்வொருவர் உடம்பிலும் ஒரே சமயம் இரண்டு கம்பெனி சென்சாரை ஒட்டிப் பார்த்தது (2020). எந்தச் சாப்பாடு அதிகம் ஏற்றியது என்பதில் இரண்டும் ஒத்துப்போகவில்லை.

250, 300 என்று போகிறவருக்கு 20 புள்ளி பிசகினாலும் போக்கு தெரியும். சுகர் இல்லாத நமக்கு நாள் முழுக்க ஆட்டமே பெரும்பாலும் 70க்கும் 140க்கும் நடுவில்தான். அங்கே 20 என்பது பெரிய பிசகு. இதை வைத்து இட்லியைத் தண்டிப்பது அநியாயம். சுகர் இல்லாதவர்களும் ஒரு நாளில் சராசரியாக அரைமணி நேரம் 140ஐத் தாண்டுகிறார்கள் என்று 2019இல் ஓர் ஆய்வு வந்தது.

ஆனால் நடுக்கம், வியர்வையோடு இறங்கினால் சும்மா இருக்காதீர்கள். அந்த நேரமே விரலில் குத்தி எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

கோவைக்காரி:
மறுபக்கம் படுத்தேன், அலாரம் அடிக்கவில்லை. மாத்திரையை நிறுத்தியும் இட்லிக்கு 150 பக்கம் வருகிறது. குடும்பத்தில் இருப்பதால் 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அதற்கு முன்னால் சாதத்தைக் குறைக்க வேண்டுமா?

லேப் அண்ணன்:
குறைக்கவே கூடாது. மூன்று நாளாவது வழக்கம்போல சாதம், இட்லி எல்லாம் சாப்பிடுங்கள். பத்தியம் இருந்துவிட்டு வந்தால் இல்லாத சுகரைக் காட்டும். முந்தின ராத்திரியிலிருந்து 8 மணி நேரமாவது வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். லேபில் கொடுக்கும் குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்து 2 மணி நேரம் கழித்து நரம்பில் எடுக்கும் ரத்தத்தில் 140க்குக் கீழே இருந்தால் நார்மல். அந்த 2 மணி நேரமும் லேபிலேயே உட்காருங்கள், நடக்கக் கிளம்பிவிடாதீர்கள்.