ஃப்ரூட் சாலட் ஏன் கசக்கிறது?

மொட்டைமாடி:
ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுக்கலாம் என்று காலை 10 மணிக்கே தர்பூசணி, பப்பாளி, அன்னாசி, ஆப்பிள், பூவன்பழம் எல்லாவற்றையும் நறுக்கி, சர்க்கரை தூவி, காய்ச்சி ஆறவைத்த பாலை ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தேன். 2 மணிக்குத் திறந்தால் பால் திரிந்த மாதிரி இருக்கிறது, அடியில் தண்ணீர், ஆப்பிள் கறுத்துக் கிடக்கிறது, போதாக்குறைக்கு ஒரு கசப்பு வேறு. பிள்ளைகள் ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை. நாத்தனார் மட்டும் "நல்லாத்தான் இருக்கு" என்றார், அந்த 'தான்' எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. பால் அன்று காலை வாங்கியதுதான். எங்கே தப்பு? இந்த வெயிலில் அடுப்புப் பக்கம் போகாமல் செய்கிற மாதிரி சொல்லுங்கள்.

வேப்பமரத்தடி:
பாலைத் திட்டாதீர்கள், அன்னாசியும் பப்பாளியும் செய்த வேலை அது. அன்னாசியில் ப்ரோமிலெய்ன், பப்பாளியில் பப்பைன் என்று புரதத்தை உடைக்கும் நொதிகள் இருக்கின்றன, கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறோமே, அதே சங்கதிதான். பாலின் புரதத்தையும் அவை உடைக்கும், நேரம் ஆக ஆகக் கசப்பு ஏறும். உங்களுடையது நாலு மணி நேரம் ஊறியிருக்கிறது, கேட்கவா வேண்டும். அன்னாசி போட்டே ஆக வேண்டும் என்றால் சர்க்கரையோடு சில நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துப் போடலாம், சூட்டில் நொதி செயலிழந்துவிடும். ஆனால் நீங்கள்தான் அடுப்பு வேண்டாம் என்கிறீர்களே.

தண்ணீர் விட்டது சர்க்கரையால். மாங்காயில் உப்புப் போட்டு வைத்தால் நீர் விடுவதில்லையா, அப்படித்தான். தர்பூசணி ஏற்கெனவே 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், அதைத் தனியாகவே சாப்பிட்டுவிடுங்கள்.

நான் செய்வது: ஐந்து பேருக்குப் பாதி கிர்ணிப்பழம், இரண்டு பங்கனப்பள்ளி (கொழகொழவென்று பழுத்தது வேண்டாம்), ஒரு ஆப்பிள், ஒரு மாதுளை, இரண்டு கைப்பிடி பச்சை திராட்சை. பழங்களை முழுசாகவே ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, சாப்பிடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நறுக்குவேன். ஆப்பிளை நறுக்கின கையோடு எலுமிச்சைச் சாற்றில் புரட்டினால் கறுக்காது. அப்புறம் இரண்டு ஸ்பூன் தேன், ஒரு சிட்டிகை உப்பு, கிள்ளிப்போட்ட புதினா, அவ்வளவுதான். வாழைப்பழம் போடுவதானால் கடைசியில், பரிமாறும்போது.

பனங்கூடல்:
பழத்துக்குப் பால் எதற்கு என்றுதான் எனக்கு விளங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் அன்னாசியை வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டித் தருவார்கள், அந்த வெயிலுக்கு அதுதான் சரி. மாம்பழம் கறுத்தக்கொழும்பான் என்றால் அதை எதோடும் கலக்கக் கூடாது, தனியாகத்தான் சாப்பிட வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கல்யாண_பந்தி:
கஸ்டர்ட் இல்லாமல் ஃப்ரூட் சாலடா? அரை லிட்டர் பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி பவுடர், அதை முதலில் கொஞ்சம் ஆறின பாலில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, கொதிக்கிற பாலில் ஊற்றிக் கிளறினால் பத்து நிமிட வேலை. முதல் நாள் ராத்திரியே செய்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் வெயிலில் அடுப்படியில் நிற்க வேண்டாம். ஆறும்போது நடுநடுவே கிளறாவிட்டால் ஆடை கட்டிவிடும். வாழைப்பழம், ஆப்பிள், திராட்சை, மாதுளை, இந்த நாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பழத்தைக் கிண்ணத்தில் போட்டு மேலே ஊற்றுங்கள்.

மொட்டைமாடி:
வேப்பமரத்தடி சொன்னபடி இன்று செய்தேன். கிர்ணி கொஞ்சம் சப்பென்று இருந்தது, அது நான் வாங்கின லட்சணம். ஆனால் கசப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை, பெரியவன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினான். கடையில் நுங்கு கிடைத்தது, அதையும் போடலாமா? பாதி தர்பூசணி வேறு மிச்சம் கிடக்கிறது.

வேப்பமரத்தடி:
இளநுங்கு என்றால் தோலை உரித்துத் தாராளமாகப் போடுங்கள், முற்றினது ரப்பர் மாதிரி இருக்கும். கிர்ணியை வாங்கும்போது காம்புப் பக்கம் மோந்து பாருங்கள், வாசனை வராததைத் தொடவே தொடாதீர்கள். தர்பூசணியில் சிவப்பைத் தின்றுவிட்டு, வெளிப்பச்சையை மட்டும் சீவிப்போட்டு அந்த வெள்ளைப் பகுதியைப் பாசிப்பருப்போடு கூட்டு வையுங்கள், பூசணிக்காய்க் கூட்டு மாதிரியேதான் இருக்கும்.