பணத்தைக் கொட்டி எடுத்த எம்எம்ஓ கேம்கள் ரிலீஸுக்கு அப்புறம் ஏன் காலியாகுது?

கதிர்_கோவை

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல இருக்கிற கேள்வி இது. எம்எம்ஓன்னா ஆயிரக்கணக்கான பேர் ஒரே உலகத்துல ஒண்ணா ஆடுற ஆன்லைன் கேம்.

அமேசானோட நியூ வேர்ல்ட் 2021 செப்டம்பர் 28 அன்னைக்கு வந்தப்போ நான் காலேஜ் ரெண்டாவது வருஷம். ஹாஸ்டல் பசங்க எல்லாம் சேர்ந்து ஐரோப்பா சர்வர்ல ஒரு கம்பெனி ஆரம்பிச்சோம். கில்டுக்கு, அதாவது சேர்ந்து ஆடுற குழுவுக்கு, அந்த கேம்ல அதுதான் பேரு. முதல் வாரம் உள்ள போறதுக்கே மணிக்கணக்கா க்யூ. பிசி கேம் விக்கிற ஸ்டீம் தளத்துல ஒரே நேரத்துல 9,13,000 பேருக்கு மேல விளையாடினாங்க. பொங்கல் லீவு முடிஞ்சு வந்து லாகின் பண்ணா, எவர்ஃபால் ஊருக்குள்ள நாங்க மட்டும்தான் நடந்துட்டு இருக்கோம். சந்தையில பொருள் இல்ல, போருக்குக் கூப்பிட ஆள் இல்ல.

நடுவுல எக்ஸ்பான்ஷன் வந்துச்சு, 2024ல கன்சோலுக்கும் வந்துச்சு. ஆனா 2025 அக்டோபர்ல இனிமே புது கன்டென்ட் கிடையாதுன்னு அமேசான் சொல்லிடுச்சு. அமேசான்கிட்ட இல்லாத பணமா, இல்லாத சர்வரா? பக் தான் காரணமா, இல்ல இந்த மாதிரி கேம் எல்லாத்துக்குமே இதுதான் கதியா? உள்ள வேலை பார்த்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

ரெய்டு_ராஜா

பக் தான் ப்ரோ, வேற ஒண்ணும் யோசிக்க வேண்டாம். விண்டோ மோடுல வெச்சு விண்டோவைப் புடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தா கேரக்டருக்கு அடியே விழாது. போர்ல கோட்டைப் பாயின்ட் மேல நின்னு இதைப் பண்ணி ஊரையே புடிச்சாங்க. அப்புறம் நவம்பர்ல கோல்டு டூப், அதாவது கேம் காசை நகல் எடுக்கிற பக். ஒருத்தன்கிட்ட இருக்கிற காசு ரெண்டாகுது. அதை நிறுத்த ட்ரேடு, கில்ட் கஜானா எல்லாத்தையும் கொஞ்ச நாள் மூடியே வெச்சாங்க. ராத்திரியெல்லாம் மரம் வெட்டி, கல் உடைச்சு சம்பாதிச்சவனுக்கு மனசு விட்டுப் போகாதா? எனக்கு விட்டுப் போச்சு.

நைட்ஷிஃப்ட்_மீனா

கதிர் தம்பி, ராஜா சொன்ன பக் ரெண்டும் உண்மை. ஆனால் 9 லட்சம் பேர் வெளியேற அது மட்டுமே காரணம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சென்னையில் ஓர் அவுட்சோர்ஸிங் நிறுவனத்தில் ஆன்லைன் கேம்களுக்கு பிளேயர் சப்போர்ட் பார்த்தவள் நான். நிறுவனத்தின் பெயரும் நான் பார்த்த கேம்களின் பெயரும் வேண்டாம். நியூ வேர்ல்ட் அதில் இல்லை. இரவு முழுக்க வெளிநாட்டு பிளேயர்கள் அனுப்பும் டிக்கெட்டை, அதாவது புகாரையும் கேள்வியையும், படித்துப் பதில் போடுவதுதான் வேலை. ஒரு கேம் காலியாகத் தொடங்கினால் செய்தியில் வருவதற்கு வெகு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

ரிலீஸ் வாரத்தில் வருவதெல்லாம் கோபம். லாகின் ஆகவில்லை, காசு இரண்டு தடவை பிடித்துவிட்டார்கள், ஆசையாக யோசித்து வைத்த பெயரை வேறொருவன் எடுத்துக்கொண்டான். கெட்ட வார்த்தையெல்லாம் இருக்கும். ஆனால் அந்த டிக்கெட்டுகளைப் பார்த்து டீமில் யாரும் பயப்பட மாட்டோம். உள்ளே வந்தே ஆக வேண்டும் என்று துடிக்கிற ஆள்தான் அப்படி எழுதுவார்.

பயம் வருவது இரண்டு மாதம் கழித்து, மரியாதையான டிக்கெட்டுகள் வரும்போது. "எங்கள் கில்ட் லீடர் பல வாரமாக லாகின் ஆகவில்லை, பொறுப்பை என் பெயருக்கு மாற்றித் தர முடியுமா?" "ஏலத்தில் வைத்த பொருள் விற்காமல் திரும்பத் திரும்ப மெயிலுக்கு வருகிறது, சிஸ்டத்தில் ஏதாவது கோளாறா?" கோளாறு எதுவும் இருக்காது, வாங்க ஆள் இருக்காது. "இந்த குரூப் குவெஸ்டைத் தனியாக முடிக்க வழி உண்டா?" இந்த மூன்று ரகமும் ஒரே சர்வரிலிருந்து வரத் தொடங்கினால் டீம் லீடுக்கு எழுதி அனுப்புவோம். மேலே போய் முடிவாக நாளாகும். "சர்வர் மெர்ஜ்", அதாவது சர்வர்களை ஒன்றாக இணைப்பது, என்று அறிவித்தாலே கேம் செத்துவிட்டது என்று யூடியூபில் வீடியோ வந்துவிடும் என்று கம்பெனிகளுக்கு அச்சம். அந்தத் தயக்கத்திலேயே மிச்சமிருப்பவர்களும் போய்விடுவார்கள். வருத்தமாக இருக்கும், கேமைக் குறை சொல்லாமல் விடைபெற்றுப் போகிறவர்கள் அவர்கள்.

இந்த வகை கேமில் பாதி கன்டென்ட் மற்ற மனிதர்கள்தான் தம்பி. பணத்தைப் போட்டால் பெரிய உலகம் கட்டலாம், குரல் நடிகர்களை அழைக்கலாம், விளம்பரம் செய்து முதல் வாரத்தில் லட்சக்கணக்கில் ஆள் சேர்க்கலாம். பட்ஜெட் பெருகப் பெருக அந்த முதல் வாரக் கூட்டமும் பெரிதாக இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் போட்ட காசு வராது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்கு மதுரையில் சேரும் கூட்டத்தை எண்ணிப் பார்த்துவிட்டு அத்தனை பேருக்கும் வீடு கட்டிப் போடுவது போன்ற காரியம் அது.

நியூ வேர்ல்டையே கணக்குப் போட்டுப் பார். ஒரு உலகத்துக்குள் ஒரே நேரத்தில் சுமார் 2,000 பேர். 9 லட்சம் பேரைப் பிரித்தால் 450 உலகம் வேண்டும். க்யூவைப் பார்த்து ஜனங்கள் கத்த, சர்வர்களைக் கூட்டிக்கொண்டே போனார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் உச்ச எண்ணிக்கை 2 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அதே 450ஆல் வகுத்தால் ஒரு உலகத்துக்கு 440 பேர், அதுவும் உச்ச நேரத்தில். போர் என்றால் ஐம்பதுக்கு ஐம்பது, ஆக நூறு பேர் சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். இருப்பவர்களில் நாலில் ஒருவர்! ஊரின் வரி வசூலில்தான் பராமரிப்புச் செலவு நடக்கிறது. வரி கட்ட ஆள் குறைந்தால் கிராஃப்டிங் ஸ்டேஷன்கள் என்ற பட்டறைகளின் தரம் இறங்கும். தரம் இறங்கினால் கருவி செய்கிறவன் வேறு ஊர் போவான், அவனை நம்பியிருந்த சந்தையும் போகும். கேமை ரசித்து விளையாடிக்கொண்டிருந்தவனுக்கும் அங்கே வேலையில்லை.

நீங்கள் இந்தியாவிலிருந்து ஐரோப்பா சர்வரில் ஆடியவர்கள். நமக்கு மாலை 7 மணி என்றால் அங்கே குளிர்காலத்தில் பிற்பகல் 2:30. ஐரோப்பியர்கள் வேலை முடிந்து வருவதற்குள் நமக்கு நள்ளிரவு நெருங்கிவிடும். ஒரு சர்வர் மெலிந்தால் அதன் வெறுமை முதலில் நம் பிள்ளைகள் மேல்தான் விழும். பொங்கல் முடிந்து நீங்கள் பார்த்ததை அந்த ஊர்க்காரர்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் பார்த்திருப்பார்கள்.

இது புதுக் கதையும் இல்லை. வார்ஹாமர் ஆன்லைன் 2008 செப்டம்பரில் வந்தது. 12 லட்சம் பிரதி விற்றது. அந்த ஆண்டு முடிவில் சந்தா கட்டியவர்கள் 3 லட்சம் சொச்சம். அதில் பப்ளிக் குவெஸ்ட் என்று அருமையான ஒரு விஷயம் கொண்டுவந்தார்கள். வழியில் போகிறவர்கள் யாரையும் கேட்காமல் கலந்துகொள்ளலாம், கட்டம் கட்டமாகப் போய்க் கடைசியில் பெரிய அரக்கன் வருவான். கூட்டம் இருந்தபோது அதைப்போல ஒரு அனுபவம் அந்தக் காலத்தில் வேறெங்கும் கிடைக்கவில்லை. ஆள் குறைந்ததும் முதல் கட்டத்தோடு நின்றுவிடும். 2013 டிசம்பர் 18 அன்று கேமை மூடிவிட்டார்கள். நல்ல யோசனை, ஆளில்லாமல் போயிற்று. இதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

ஹீலர்_பாத்திமா

மீனா அக்கா, முழுசா ஒத்துக்க முடியல. ஆள் போனதால கேம் செத்ததுன்னா, ஆள் ஏன் போனாங்க? வைல்ட்ஸ்டார் 2014 ஜூன்ல வந்தது. ரெய்டுன்னா பெரிய குழுவா போய் பெரிய அரக்கனை வீழ்த்துறது. அதுக்குள்ள நுழையவே அட்யூன்மென்ட்னு நீளமான தகுதிப் படிகள், மேல போனா 40 பேர் ரெய்டு. வேலைக்குப் போறவங்க, குழந்தை இருக்கிறவங்க 40 பேர் ஒரே நேரத்துல எப்படி உட்கார முடியும்? அது டிசைன் தப்பு. அடுத்த வருஷமே இலவசமாக்கியும் பயன் இல்ல, 2018 நவம்பர்ல மூடிட்டாங்க.

ஃபைனல் ஃபேன்டசி 14 அதுக்கு நேர் எதிர். 2010ல வந்தப்போ அவ்வளவு மோசம். ஒரு பூந்தொட்டிக்கும் ஒரு மனுஷ கேரக்டருக்கும் ஒரே அளவு பாலிகன் (3டி உருவத்தைக் கட்டுற சின்னச் சின்ன முகங்கள்) செலவு பண்ணியிருந்தாங்கன்னு பின்னாடி பொறுப்பேத்த நவோக்கி யோஷிதாவே சொல்லியிருக்கார். 2012 நவம்பர்ல பழசை மூடிட்டு 2013 ஆகஸ்ட்ல புதுசா கட்டிக் கொண்டுவந்தாங்க. இன்னைக்கும் நான் அதுலதான் ஹீலர், குழுவுல இருக்கிறவங்க காயத்தை ஆத்துற ஆள். கேம் நல்லா இருந்தா ஜனம் திரும்பி வரும்.

நைட்ஷிஃப்ட்_மீனா

பாத்திமா, வைல்ட்ஸ்டார் பற்றிச் சொன்னது சரி. நாற்பது பேர் வேண்டும் என்று கேட்கிற கேம் அந்த நாற்பது பேர் ஒரே சர்வரில் மிஞ்சுவார்கள் என்று பந்தயம் கட்டுகிறது. ஆகவே உங்கள் டிசைன் தப்பும் நான் சொல்லும் ஆள் கணக்கும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன.

ஆள் ஏன் போகிறார்கள் என்று கேட்டீர்கள். ஒரு பங்கு ஆட்கள் எப்படியும் போவார்கள். புதிது என்பதற்காக வருவார்கள், கதையை முடிப்பார்கள், நன்றி சொல்லிக் கிளம்புவார்கள். அதில் தப்பே கிடையாது. ஸ்டார் வார்ஸ் ஓல்ட் ரிபப்ளிக்கில் எட்டு வகுப்புக்கும், அதாவது கேரக்டர் வகைக்கும், தனித்தனிக் கதை, எல்லா உரையாடலுக்கும் குரல். வருஷக்கணக்கில் பதிவு செய்ததை ஜனங்கள் சில வாரத்தில் முடித்தார்கள். 2012 பிப்ரவரியில் 17 லட்சம் சந்தாதாரர், மே மாதம் 13 லட்சம், நவம்பரில் இலவசமாக்கிவிட்டார்கள். கதை முடிந்தபின் மிஞ்சியவர்கள் குழுவாக ஆட வேண்டுமானால் ஃப்ளீட் நிலையத்தில் நின்று சாட்டில் கூவிக் கூவி ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. தானாகவே ஆள் சேர்த்துத் தரும் குரூப் ஃபைண்டர் வந்ததே 2012 ஜூனில். சர்வர்களைச் சேர்க்கும் வேலையும் அப்போதுதான் நடந்தது. ரிலீஸாகி ஆறு மாதம்! அத்தனை கோடி செலவழித்தவர்கள் இதை முதல் நாளே கொடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் ஃபைனல் ஃபேன்டசியையே என் பக்கத்துக்கும் சாட்சியாகக் கூப்பிடுகிறேன். 2013ல் மறுபடி வந்தபோது சர்வர் தாங்காமல் டிஜிட்டல் விற்பனையையே நிறுத்தி வைத்தார்கள். 2021 டிசம்பரில் எண்ட்வாக்கர் என்ற எக்ஸ்பான்ஷன் வந்தபோதும் அதேபோல விற்பனையை நிறுத்தி, ஜனவரி கடைசியில்தான் திறந்தார்கள். க்யூவில் காத்திருந்த சந்தாதாரர்களுக்கு இலவச நாட்கள் கொடுத்தார்கள். கையில் வரும் காசை வேண்டாம் என்று சொல்ல எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! அந்த கேமில் குழு சேர்க்கும் வசதியான டூட்டி ஃபைண்டரும் ஒரே உலகத்துக்குள் தேடாமல் பல உலகங்களிலிருந்து ஆள் சேர்க்கிறது. நான்கு பேர் வேண்டும் என்றால் எங்கிருந்தாவது கிடைப்பார்கள். சந்தாவை நிறுத்திவிட்டு அடுத்த பேட்ச் வரும்போது வாருங்கள் என்று யோஷிதா பேட்டிகளில் வெளிப்படையாகவே சொல்கிறார். போகிறவர்களைக் கணக்கில் வைத்தே கேமை நடத்துகிறார்கள்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் 2019ல் வந்தபோது பிளிஸார்டும் அப்படித்தான் செய்தது. ஒரே ரியல்முக்குள் (அந்த கேமில் சர்வருக்கு அதுதான் பெயர்) பல லேயர்கள், அதாவது அதே உலகத்தின் பல நகல்கள். கூட்டம் நிறைய இருக்கும்போது பிரிந்து நிற்பார்கள், குறைந்ததும் லேயர்கள் ஒன்றாகும், சர்வர் பெயரோ உங்கள் நண்பர்களோ மாற மாட்டார்கள். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் சில வாரத்தில் போய்விடுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லித்தான் இதைக் கொண்டுவந்தார்கள். லேயரில் வேறு தொல்லைகள் உண்டு, எதிரே நிற்கிற ஆள் திடீரென்று மறைவார். ஆனாலும் காலி ஊரைவிட அது எவ்வளவோ மேல்.

ரெய்டு_ராஜா

லேயர் பத்தி யோசிச்சதே இல்ல அக்கா. ஆனா நியூ வேர்ல்ட்ல ஊர் ஒண்ணுதான், அதை ஒரு கம்பெனி ஆளுது. ரெண்டு லேயர் போட்டா எந்த லேயர்ல இருக்கிற ஊரை யார் ஆளுறது?

நைட்ஷிஃப்ட்_மீனா

சரியான கேள்வி ராஜா. அதனால்தான் அந்த கேமுக்கு விடை அவ்வளவு சுலபமில்லை. முதலில் அது பிவிபி, அதாவது பிளேயரும் பிளேயரும் மோதும், உலகமாகத்தான் உருவானது. பிறகு விரும்பியவர்கள் மட்டும் பிவிபிக்கு வரலாம் என்று மாற்றினார்கள். ஊர் பிடிக்கும் போர் மட்டும் பழைய அடித்தளத்திலேயே நின்றது. ஊரை ஆள்வது சிறு கூட்டத்தை நம்பியது, விளம்பரம் பெருங்கூட்டத்தை அழைத்தது. நான் அங்கே இருந்திருந்தால் குறைந்த உலகங்களோடு திறந்து, விற்பனையைத் தவணை தவணையாக விடச் சொல்லியிருப்பேன். முதல் வாரத் தலைப்புச் செய்தி கிடைத்திருக்காது. உங்கள் ஹாஸ்டல் கம்பெனிக்குப் பொங்கலுக்குப் பிறகும் எதிராளி கிடைத்திருப்பான்.

கதிர்_கோவை

அக்கா, கில்ட் லீடர் டிக்கெட் பத்திப் படிச்சப்போ ஒரு மாதிரி ஆயிடுச்சு. எங்க கம்பெனி கவர்னர் நான்தான். கடைசில நான் லாகின் பண்றதை நிறுத்தினப்போ உள்ள இன்னும் ஒருத்தன் ஆடிட்டு இருந்தான். அவனும் இப்படி யாருக்காவது எழுதியிருப்பானோ என்னவோ.

இப்ப எல்லாரும் வேலைக்குப் போயாச்சு, திரும்பச் சேர்ந்து ஏதாவது ஆடலாம்னு பேசிட்டு இருக்கோம். காசு போடுறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

நைட்ஷிஃப்ட்_மீனா

அந்தப் பையனுக்கு இன்றைக்கே ஒரு போன் போடு தம்பி.

மற்றபடி, ட்ரெய்லரைப் பார்க்க வேண்டாம். ஒரே சர்வருக்குள் அடைத்து வைக்கிற கேமா, பல சர்வரிலிருந்தும் சேர்ந்து ஆட விடுகிற கேமா என்று முதலில் பார். வேறு வேறு சர்வரில் இருக்கும் நண்பர்கள் சேர முடியாது என்றால் யோசித்து இறங்கு. எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்ற மொத்தக் கணக்கை விட, நீங்கள் ஆடப்போகும் இரவு 9 மணிக்கு அந்த சர்வரில் குழு சேர எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஏற்கெனவே ஆடும் இந்தியப் பிளேயர்களிடம் கேள். ஏலச் சந்தையில் நடுத்தர லெவல் பொருள்கள் விற்கின்றனவா என்று பார்த்தால் புது ஆட்கள் வருகிறார்களா என்பது தெரிந்துவிடும். கடைசி லெவல் பொருள் மட்டும் விற்றால் பழைய ஆட்கள் மட்டுமே இருக்கிறார்கள்.

ஃபைனல் ஃபேன்டசி 14ல் 70ஆம் லெவல் வரை ஃப்ரீ ட்ரையல், நாள் கணக்கு எதுவும் கிடையாது. ட்ரையல் கணக்கில் கில்டில் சேர முடியாது, பார்ட்டி ஆரம்பிக்கவும் முடியாது. உங்களில் ஒருவராவது சந்தா கட்டினால் மற்றவர்களைப் பார்ட்டிக்கு அழைத்துக்கொள்ளலாம். ஜப்பான் டேட்டா சென்டர், ஐரோப்பா டேட்டா சென்டர் இரண்டிலும் ஒரு கேரக்டர் போட்டு, கோவையிலிருந்து எது லேக் இல்லாமல் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். ஆரம்ப ஊர் எது, எந்த வகுப்பு எடுப்பது என்பதெல்லாம் பாத்திமாவிடம் கேளுங்கள். ஹீலர் கையோடு இருந்தால் டஞ்சனுக்கு (சிறு குழுவாகப் போகும் இடம்) ஆள் சேரக் காத்திருக்கும் நேரமும் குறையும்.