மீட்டர் கட்டணத்தை உயர்த்தினால் மீட்டர் போடுவார்களா?

வேளச்சேரிவாசி:
கட்டணத்தை உயர்த்தக் கேட்டு சென்னையில் ஆட்டோ, கால் டாக்ஸி ஓட்டுநர்கள் மறுபடி ஆர்ப்பாட்டம் செய்யப் போகிறார்களாம். நேற்று மழையில் ஆப்பில் புக் செய்தேன். ஓட்டுநர் போன் போட்டு, "எங்க டிராப்? கேஷா, ஆன்லைனா?" என்றார். ஆன்லைன் என்றதும் கேன்சல். இவர்களுக்கு எதற்கு உயர்வு?

மஞ்சள்போர்டு:
சார், நான் கால் டாக்ஸி ஓட்டுகிறேன். கேஷ் கேட்பது திமிரினால் இல்லை. ஆன்லைன் பணம் கமிஷன் கழிந்து மெதுவாகத்தான் கைக்கு வரும். பங்க்கில் அதுவரை கடன் சொல்ல முடியுமா? மாதம் பிறந்தால் வண்டிக் கடன் டியூ. அது போக இன்சூரன்ஸ், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, டோல். கஸ்டமரை ஏற்ற மூன்று நாலு கிலோமீட்டர் காலியாகப் போகிறோமே, அதற்கு யார் காசு தருகிறார்கள்? மழைக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுத்ததில் டிரைவருக்கு எவ்வளவு வந்தது என்று இறங்கும்போது ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

வேளச்சேரிவாசி:
கஷ்டம் எல்லோருக்கும்தான். சம்பளம் ஏறவில்லை என்று நான் பாதி வேலையில் எழுந்து போவதில்லையே. ஆட்டோக்காரர்கள் இன்னும் மோசம். வண்டியில் மீட்டர் இருப்பதே எஃப்.சி. அன்றைக்குத்தான் ஞாபகம் வரும்.

கணக்கன்:
அந்த மீட்டரில் ஓடுவது எந்தக் காலத்துக் கட்டணம் தெரியுமா? 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. அப்போது பெட்ரோல் 75 ரூபாய்க்குப் பக்கம், அப்புறம் நூறைத் தாண்டிவிட்டது. 2025 பிப்ரவரியில் சங்கங்கள் தாங்களாகவே 50 ரூபாய், கிலோமீட்டருக்கு 18 என்று அறிவித்தன. அரசாணை இல்லாத அறிவிப்பு. அரசு விட்ட இடத்தை ஆப் கம்பெனிகள் பிடித்துக்கொண்டன, அவ்வளவுதான்.

வேளச்சேரிவாசி:
2013-லேயே ஆணை வந்த சூட்டோடு "மீட்டருக்கு மேல போட்டுக் கொடுங்க" ஆரம்பித்துவிட்டதே! அன்று அது புதுக் கட்டணம்தானே?

கணக்கன்:
நியாயமான கேள்வி. அன்றைக்கு ஜிபிஎஸ் மீட்டர் இலவசமாகத் தருவதாகச் சொன்னார்கள். தெருவில் நான் ஒன்றையும் பார்த்ததில்லை. மீட்டர் ஓடுகிறதா என்று பார்க்க ஆளும் இல்லை. ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு ஒரு கட்சிக் கொடி பறக்கும்போது எந்த அதிகாரி கைவைப்பார்?

கொரட்டூர்பைக்:
ஆர்ப்பாட்டத்தில் எங்களையும்தான் திட்டுவார்கள். காலேஜ் முடித்து வேலை கிடைக்காமல் பைக் டாக்ஸி ஓட்டுகிறேன் அண்ணே. தனியாகப் போகிறவருக்கு எதற்கு முழு ஆட்டோ?

மஞ்சள்போர்டு:
தம்பி, உன் மேல் கோபமில்லை. நான் பர்மிட், வரி, எஃப்.சி. என்று கட்டிவிட்டு ஓட்டுகிறேன். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டிக்கு பர்மிட்டும் கிடையாது, அடிக்கடி எஃப்.சி.யும் கிடையாது. அதை அனுமதித்துவிட்டு எங்களிடம் மட்டும் சட்டம் பேசினால் எப்படி?

கணக்கன்:
2025 ஜூலையில் மத்திய அரசு ஆப் கம்பெனிகளுக்குப் புது வழிகாட்டுதல் வெளியிட்டது. சொந்த வண்டி ஓட்டுநருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் போக வேண்டும். நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வரை வாங்கலாம். அந்த அடிப்படைக் கட்டணத்தை அறிவிக்க வேண்டியது மாநில அரசு. ஆட்டோவுக்கு 2013 கணக்கையே வைத்துக்கொண்டு இரண்டு மடங்கு என்றால் எந்தக் கட்டணத்துக்கு இரண்டு மடங்கு?

வேளச்சேரிவாசி:
அதே வழிகாட்டுதலில் காரணமில்லாமல் கேன்சல் செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், 100 ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதையும் சேர்த்துக் கேட்பீர்களா?

மஞ்சள்போர்டு:
கேட்கிறோம் சார். ஏற்கும் முன்பே டிராப் எங்கே என்று எல்லா ஆப்பும் காட்டட்டும், போன் போடும் வேலையே இருக்காது.

வேளச்சேரிவாசி:
காட்டினால் பக்கத்து ட்ரிப்பை ஒருத்தரும் எடுக்க மாட்டீர்கள்.

மஞ்சள்போர்டு:
நாலு கிலோமீட்டர் காலியாக வந்து ரெண்டு கிலோமீட்டர் ஓட்டச் சொன்னால் நீங்கள் எடுப்பீர்களா?