வேலிடேஷன்: சரிபார்ப்பா, செல்லுபடியாக்கமா, தகுதிநாட்டலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஹார்மோன் குலைப்பிகளை (உடலின் ஹார்மோன் வேலையைக் கெடுக்கும் வேதிப்பொருள்களை) கண்டறியும் விலங்குச் சோதனைகள் பற்றி எழுதும்போது ‘வேலிடேஷன்’ வரும் இடமெல்லாம் ‘சரிபார்ப்பு’ என்று போடுகிறோம். அது போதாது. காலையில் தராசில் எடைக்கல்லை வைத்துப் பார்ப்பதும் சரிபார்ப்புதானே? பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடியின் (OECD) 34ஆம் வழிகாட்டு ஆவணம் (2005) இச்சொல்லுக்குத் தரும் பொருள் வேறு: ஒரு முறை, குறித்த நோக்கத்துக்கு நம்பகமானது, பொருத்தமானது என்று நிலைநாட்டுவது. இங்கே சோதனைக்கு உள்ளாவது வேதிப்பொருள் அல்ல, சோதனை முறையே.

கருப்பை எடைச் சோதனையைப் பாருங்கள் (ஓஇசிடியின் 440ஆம் சோதனை வழிகாட்டி, 2007). பெண் ஹார்மோனான எஸ்ட்ரோஜன் போல ஒரு பொருள் வேலை செய்தால் கருப்பை கனக்கும், அதைத்தான் பார்க்கிறோம். பருவமடையாத பெண் எலிகள், அல்லது சூலகம் நீக்கி 14 நாளாவது விடப்பட்ட வளர்ந்த எலிகள். குழுவுக்குக் குறைந்தது ஆறு. மூன்று நாள் தொடர்ந்து சோதிக்கும் பொருளைக் கொடுத்தல், கடைசியாகக் கொடுத்து 24 மணி நேரம் கழித்துக் கருப்பையை எடுத்து எடைபோடுதல். இது சோதனை. இதே முறையைப் பல நாட்டு ஆய்வகங்களுக்குக் கொடுத்து, முதலில் வீரியமான எத்தினைல் எஸ்ட்ரடயோல், பிறகு பிஸ்பீனால்-ஏ, ஜெனிஸ்டீன், நோனைல்பீனால் போன்ற வீரியம் குறைந்தவை, எஸ்ட்ரோஜன் வேலை செய்யாத டைபியூட்டைல் தாலேட் என்று வைத்துப் பார்த்தார்களே, அதுதான் வேலிடேஷன். ஒரு பகுதியில் குப்பிமேல் குறியெண் மட்டும். உள்ளே என்ன என்பது ஆய்வகத்துக்குத் தெரியாது.

‘செல்லுபடியாக்கம்’ என்றால் யாரோ ஆணையிட்டுச் செல்லவைத்தது போல இருக்கிறது. ‘தகுதிநிறுவல்’ எப்படி?

——

ஐயா, வேறுபாடு சரி, சொல்லில் சிக்கல். கருவி வாங்கிப் பொருத்தியதும் எழுதும் ஆவணத்தை ‘நிறுவல் தகுதி’ என்கிறோம். ‘தகுதிநிறுவல்’ அதன் பக்கத்திலேயே வந்தால் எது எதுவென்று தெரியாது. ‘தகவு’ என்று தொடங்கவும் முடியாது, கணக்கில் அது விகிதம்.

‘சரிபார்ப்பு’ என்ற சொல்லையும் தூக்கி எறிய வேண்டாம், அதற்கும் இதே சோதனையில் வேலை உண்டு. ஒப்பீட்டுக் குழுவின் (சோதிக்கும் பொருள் கொடுக்கப்படாத எலிகளின்) கருப்பை, உடல் எடையில் பருவமடையாத எலிக்கு 0.09 விழுக்காட்டையும் சூலகம் நீக்கியதற்கு 0.04 விழுக்காட்டையும் எட்டினாலே அந்த ஓட்டத்தை, அதாவது அந்த ஒருமுறை நடத்திய சோதனையை, சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலும் தீவனம்தான் காரணம்: சோயாவின் தாவர எஸ்ட்ரோஜன் ஒரு கிராம் தீவனத்துக்கு 350 மைக்ரோகிராம் ஜெனிஸ்டீனுக்கு ஈடான அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒப்பீட்டுக் கருப்பையே கனத்துவிடும், வீரியம் குறைந்த பொருளின் விளைவு அதில் அமுங்கிப்போகும். ஒவ்வொரு ஓட்டத்திலும் இதைப் பார்ப்பது சரிபார்ப்பு. முறையின் தகுதி ஏற்கெனவே நிலைநாட்டப்பட்டதுதான்; கெட்டது அந்த ஓட்டம்.

நீங்களே ‘நிலைநாட்டுவது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதையே எடுத்துத் ‘தகுதிநாட்டல்’ என்போமே.

——

ஏற்கிறேன். வினையாகவும் வளைகிறது: தகுதிநாட்டிய முறை, தகுதிநாட்டாத முறை, தகுதிநாட்டல் ஆய்வு. உள்பிரிவுகளுக்கு ‘ஆய்வகத்துள் ஒப்பு’, ‘ஆய்வகங்களிடை ஒப்பு’ போதும். ஒரே ஆய்வகம் திரும்பச் செய்து ஒரே விடை பெறுவது முன்னது. அடுத்த ஆய்வகமும் அதே விடைக்கு வருவது பின்னது.

இன்னொரு சொல்லையும் முடித்துவிடுவோம். கருப்பை இரண்டு முறை நிறுக்கப்படுகிறது, உள்ளே தேங்கிய நீரோடு ஒருமுறை, கீறி வடித்தாள் மேல் மெல்ல ஒற்றி நீரை எடுத்தபின் ஒருமுறை. முன்னதை ‘ஈர எடை’ என்றால் பின்னதை ‘உலர் எடை’ என்று எழுதி அடுப்பில் காயவைத்ததாகப் புரிந்துகொள்வார்கள். ‘நீரொடு எடை’, ‘ஒற்றிய எடை’ என்று போடலாம். கைப்பிசகு நடப்பதும் இங்கேதான். ஒட்டியிருக்கும் கொழுப்பைச் சீவும்போது சுவரில் கத்தி பட்டால் நீர் வழிந்து முதல் எடை போய்விடும். கொழுப்பை விட்டுவைத்தால் இரண்டு எடையுமே கூடும். உறுப்பே சில பத்து மில்லிகிராம்தான்.