‘மக்கும் குப்பை’யா, ‘மட்கும் குப்பை’யா?

மாடித்தோட்டம்:
எங்கள் தெருவில் வைத்திருக்கும் பச்சைத் தொட்டியில் ‘மக்கும் குப்பை’ என்று எழுதியிருக்கிறது. மகளின் அறிவியல் பாடநூலிலோ ‘மட்கு’, ‘மட்குண்ணிகள்’ என்று வருகிறது. இரண்டும் ஒரே சொல்லா? ‘அழுகும் குப்பை’ என்றே எழுதியிருக்கலாமே?

ஏட்டுச்சுவடி:
ஒரே சொல்தான். ‘மட்கு’ என்பதே மூலவடிவம். வெட்கம் ‘வெக்கம்’ என்றும், கேட்க ‘கேக்க’ என்றும் பேச்சில் ஒலிப்பதைப் போல, ககரத்தின் முன் நின்ற டகர மெய் அதனோடு ஒன்றி ‘மக்கு’ ஆயிற்று. பழைய வழக்கில் மட்குதல் என்பதற்கு ஒளி மழுங்குதல், வலி குன்றுதல் என்னும் பொருள்களும் உண்டு. மந்தமானவரை ‘மக்கு’ என்று ஏசுவதையும் இந்தப் பொருளோடு சேர்த்துப் பார்ப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. தொட்டியில் எழுத ‘மக்கும்’ போதும். ஊரார் வாயில் வாழும் வடிவத்தைப் பிழையென்று திருத்த வேண்டியதில்லை.

கீற்றுக்கொட்டகை:
அழுகல் வேறு, மக்கல் வேறு. தக்காளி அழுகும், சாம்பார் ஊசிப்போகும், உத்தரம் உளுக்கும், பழைய வேட்டி இற்றுப்போகும். கூரைக் கீற்றும் சருகும்தான் மக்கும். புழு உள்ளிருந்து அரித்து மாவாக்கினால் அது உளுத்தல். நூலும் கயிறும் வலுவிழந்து, இழுத்தவுடன் அறுந்தால் அது இறுதல். உரக்குழி போடுகிறவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்: காற்றும் அளவான ஈரமும் இருந்தால் இலைதழை மக்கி, மண்வாசனையுள்ள எருவாகும், நீர் தேங்கிக் காற்றுப் புகாமல் போனால் அதே இலைதழை அழுகி நாறும். ஆகவே தொட்டியில் ‘அழுகும்’ என்று எழுதினால், காய்ந்த சருகை எதில் போடுவது என்று ஒருவர் தயங்கக்கூடும்.

யாழ்வாசகர்:
இலங்கையில் நாங்கள் ‘உக்குதல்’ என்போம். உக்கிய இலைகுழை, உக்காத பிளாஸ்டிக் என்பவை அன்றாடப் பேச்சு. தமிழ்நாட்டுப் பாடநூல் ‘மட்கு’ என்பதை எங்கள் பாடநூல்கள் ‘உக்கல்’ என்கின்றன.

மாடித்தோட்டம்:
நன்றி. அப்படியானால் என் உரத்தொட்டியில் இப்போது நடப்பது அழுகல்தான்; சருகைக் கலந்து, அடியில் துளை போட்டுப் பார்க்கிறேன்.