கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும்?

கேபிள்மன்னன் எழுதியது:

எனக்கு 15 முடிந்து 16 நடக்கிறது. கம்ப்யூட்டர் என்றால் உயிர். வீட்டில் இருக்கும் டெஸ்க்டாப் நானே பாகம் பாகமாகச் சேர்த்து அசெம்பிள் செய்தது, சொந்தக்காரர்கள் யாருக்கு லேப்டாப் மெதுவானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் லீவில் சும்மா இருப்பதற்குக் கம்ப்யூட்டர் விற்கிற கடை எதிலாவது பகுதி நேரமாக வேலைக்குச் சேரலாம் என்று பார்க்கிறேன்.

ஒரு பெரிய கடையில் கேட்டால் 18 முடிந்த பிறகு வா என்கிறார்கள். இன்னொரு இடத்தில் 16 போதும், ஆனால் பில் போடுவதும் அலமாரியில் பொருள் அடுக்குவதும்தான், சர்வீஸ் பக்கமே போகக் கூடாது என்றார்கள். ஆன்லைனில் விண்ணப்பித்தால் பிறந்த தேதியைப் போட்டதுமே அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. சட்டத்தில் ஒரே ஒரு வயதுதானே இருக்கும், கடைக்குக் கடை எப்படி மாறுகிறது? ராம் எது, எஸ்எஸ்டி எது என்று தெரியாதவர்கள் எல்லாம் அங்கே நின்று விற்கிறார்கள், எனக்கு இடமில்லையா? வயதைக் கொஞ்சம் கூட்டிப் போட்டால் கண்டுபிடிப்பார்களா?

---

சட்டப்புத்தகம் எழுதியது:

தம்பி, எந்த நாடு என்று நீ சொல்லவில்லை, அதுதான் முதல் சிக்கல். சட்டத்தில் ஒரே வயது என்பது எங்கேயும் கிடையாது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் ஆண்டு உடன்படிக்கை, 138ஆம் எண், பொதுவான குறைந்தபட்ச வயது 15 என்கிறது. பொருளாதாரத்தில் பின்தங்கிய நாடுகள் தொடக்கத்தில் 14 என்று வைத்துக்கொள்ளலாம், ஆபத்தான வேலைக்கு 18, படிப்பைக் கெடுக்காத இலேசான வேலைக்கு 13. இதற்குள் ஒவ்வொரு நாடும் தன் கணக்கை வைத்திருக்கிறது. இலங்கை 2021இல் 14ஐ 16ஆக உயர்த்தியது. சிங்கப்பூரில் 13 ஆனவர்கள் இலேசான வேலை செய்யலாம். பிரிட்டனில் பொதுவாக 14, உள்ளூர் கவுன்சில் விதி இடம் கொடுத்தால் 13, ஆனால் கவுன்சிலிடம் அனுமதி வாங்கியாக வேண்டும், பள்ளி நடக்கும் வாரத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது.

அமெரிக்காவில் 1938இல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி விவசாயம் அல்லாத வேலைக்கு 14. ஆனால் 14, 15 வயதில் பள்ளி நாளில் 3 மணி நேரம், பள்ளி வாரத்தில் 18 மணி நேரம், அதற்கு மேல் இல்லை. இரவு 7 மணிக்குள் முடிக்க வேண்டும், கோடையில் மட்டும் 9 வரை. 16 ஆனதும் இந்த மணிக்கணக்கு போய்விடும், மாநிலச் சட்டம் தனியாக ஏதாவது சொன்னால் ஒழிய. ஒரு வேடிக்கை, அதே சட்டத்தில் 14 வயதுப் பையன் கடையில் பில் போடலாம், பொருள் விற்கலாம், கம்ப்யூட்டர் நிரல் எழுதும் வேலைகூடச் செய்யலாம், ஆனால் லாரியிலிருந்து மானிட்டர் பெட்டியை இறக்கக் கூடாது.

இந்தியா என்றால் 1986ஆம் ஆண்டுச் சட்டமும் 2016இல் வந்த திருத்தமும். 14க்குக் கீழே குடும்பத் தொழில், கலைத்துறை போன்ற சில விலக்குகள் தவிர வேலையே கூடாது, 14 முதல் 18 வரை ஆபத்தான தொழிலுக்கு மட்டும் தடை. கடை வேலை அந்தத் தடையில் வராது. ஆனால் நேரத்தைப் பார்: தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, நடுவில் 1 மணி நேர ஓய்வு, ஓய்வையும் சேர்த்து மொத்தம் 6 மணி நேரம், இரவு 7 முதல் காலை 8 வரை வேலை வாங்கக் கூடாது. கடையில் கூட்டம் வருவதே சாயங்காலம் 6 மணிக்கு மேல்தான். அந்த நேரத்தில் வீட்டுக்கு அனுப்ப வேண்டிய ஆளை எதற்கு எடுப்பானேன் என்று முதலாளி யோசிப்பார். 18 என்று அவர் சொல்வதில் பாதி இந்தக் கணக்குதான்.

---

ஓவர்கிளாக் எழுதியது:

இவ்வளவு எதற்கு. 18 என்று போடு, பார்க்க வளர்ந்த பையனாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

---

முன்னாள்மேனேஜர் எழுதியது:

மேலே சொன்னதைச் செய்துவிடாதே தம்பி. கம்ப்யூட்டர் விற்பனைக் கடை ஒன்றைப் பல வருடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், சம்பளக் கணக்கு, வரி, காப்பீடு எல்லாவற்றுக்கும் அடையாளச் சான்று வாங்குவோம், முதல் சம்பளத்துக்கு முன்பே வயது வெளியே வந்துவிடும். வந்தபின் மாட்டுவது நீ மட்டும் இல்லை. இந்தியச் சட்டத்தில் 14க்குக் கீழே உள்ளவரை வேலைக்கு வைத்தாலோ, 18க்குக் கீழே உள்ளவரை ஆபத்தான தொழிலில் வைத்தாலோ 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை இருக்கிறது. 16 வயதுப் பையனைக் கடையில் நிறுத்தியதற்கு அந்தத் தண்டனை வராது, ஆனால் பொய் வயது சொல்லிச் சேர்ந்தவனை ராத்திரி வரை நிறுத்தியிருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான். அப்புறம் அந்தக் கடை அடுத்து வரும் எந்தச் சின்னப் பையனையும் உள்ளே விடாது.

கடைக்காரர்கள் 18 கேட்பதற்கு, சட்டப்புத்தகம் நண்பர் சொன்ன நேரக் கணக்கு தவிர வேறு காரணங்களும் உண்டு. சர்வீஸுக்கு வரும் லேப்டாப்பில் ஒரு மனுஷனின் மொத்த வாழ்க்கையும் இருக்கும், குடும்பப் படங்கள், வங்கி விவரம், சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள். ரகசியம் காப்பேன் என்று ஊழியரிடம் கையெழுத்து வாங்குவது வழக்கம். 18 ஆகாதவர் போட்ட கையெழுத்து பல நாடுகளில் செல்லாது, இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் செல்லவே செல்லாது. நாளைக்கு ஏதாவது படம் வெளியே போனால் கடை யாரைப் பிடிக்கும்? இதனால்தான் உன்னிடம் பில் கவுண்டர் சரி, சர்வீஸ் வேண்டாம் என்றார்கள். உன் திறமை மேல் சந்தேகப்பட்டதால் இல்லை.

இன்னொன்று, பெரிய கடைகளில் வயது வரம்பு தலைமை அலுவலகத்தில் போட்டது, கிளை மேனேஜர் நினைத்தாலும் மாற்ற முடியாது. அந்த ஆன்லைன் படிவத்தோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

---

கேபிள்மன்னன் எழுதியது:

நன்றி அண்ணா. பாஸ்வேர்டு விஷயம் நான் யோசிக்கவே இல்லை. சரி, பொய் சொல்லப் போவதில்லை. ஆனால் 18 வரை வெறும் பெட்டி அடுக்கிக்கொண்டே இருக்க வேண்டுமா? சர்வீஸ் மேசையில் ஸ்க்ரூ கழற்றுவதில் என்ன ஆபத்து இருக்கிறது?

---

சால்டரிங்அக்கா எழுதியது:

ஸ்க்ரூ கழற்றுவதில் ஒன்றும் இல்லை, கழற்றிய பின் உள்ளே இருப்பதில்தான். உப்பிப்போன லித்தியம் பேட்டரியை நெம்பி எடுக்கும்போது முனை குத்திவிட்டால் உள்ளுக்குள் ஷார்ட் ஆகி அங்கேயே பற்றிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றியவுடன் அடங்கிவிடுகிற தீ இல்லை அது. பவர் சப்ளைக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜ் வைத்திருக்கும். பாகங்களைப் பற்றவைக்கும் சால்டரில் ஈயம் இருக்கலாம், அதை உருக்கும்போது வரும் புகையும் நல்லதில்லை. வீட்டில் டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யும்போது இதில் எதையும் நீ தொட்டிருக்க மாட்டாய், எல்லாம் மூடிய பாகங்கள். ஊழியருக்கு அடிபட்டால் காப்பீட்டுக்காரர் முதலில் வயதைத்தான் கேட்பார்.

ஆனால் பெட்டி அடுக்கும் வேலையை அவ்வளவு மட்டமாக நினைக்காதே. ஒருத்தர் வந்து படிக்கிற பிள்ளைக்கு லேப்டாப் வேண்டும் என்கிறார், அவருக்கு எது வேண்டும் என்று கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிப்பதுதான் விற்பனையில் கஷ்டமான பகுதி. ராம், எஸ்எஸ்டி தெரிந்தவர்கள் பலர் இதில் சொதப்புவார்கள், வாங்க வந்தவர் தலை சுற்றித் திரும்பிப் போய்விடுவார்.

சின்னக் கடையாகப் பார், முதலாளியே கல்லாவில் உட்காருகிற கடை. அங்கே தலைமை அலுவலக விதி கிடையாது, சட்டம் மட்டும்தான். பகலில் கூட்டம் இல்லாத நேரத்தில் போ. முடிந்தால் அப்பாவையோ அம்மாவையோ ஒரு தடவை கூட்டிக்கொண்டு போ, கூச்சமாக இருக்கும், ஆனால் பெற்றோருக்குத் தெரிந்துதான் பையன் வந்திருக்கிறான் என்று தெரிந்தால் முதலாளிக்குப் பாதிக் கவலை போய்விடும். ‘எனக்கு எல்லாம் தெரியும்’ என்று ஆரம்பிக்காதே. எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வர முடியும் என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடு. வாடிக்கையாளர் தகவல் இல்லாத வேலையாகக் கேள்: புது மெஷின் அசெம்பிள் செய்வது, விண்டோஸ் ஏற்றிச் சோதிப்பது, ஷோகேஸில் இருக்கும் லேப்டாப்புகளை அப்டேட் செய்வது. இதெல்லாம் கடையில் எப்போதும் தேங்கிக் கிடக்கும், செய்ய ஆள் இருக்காது.

---

சட்டப்புத்தகம் எழுதியது:

அக்கா சொன்னதோடு இன்னொன்று. சின்னக் கடையில் வாய்ப்பேச்சில் சேர்த்துக்கொண்டு ‘பழகத்தானே வருகிறாய்’ என்று சம்பளம் கொடுக்காமல் இழுப்பதும், ஆள் இல்லை என்று ராத்திரி 10 வரை நிறுத்துவதும் நடக்கும். நேரம், சம்பளம், வார விடுமுறை மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கு. சில இடங்களில் வேலை அனுமதிச் சீட்டோ பள்ளியின் கையெழுத்தோ தேவைப்படும், அதை உன் ஊர் தொழிலாளர் துறையில் கேட்டுக்கொண்டு போனால் முதலாளிக்கு வேலை மிச்சம்.

காத்திருக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலைக்கான காம்ப்டியா ஏ பிளஸ் என்ற சான்றிதழின் பாடத்திட்டத்தைப் படித்துவை. இரண்டு தேர்வு, ஒன்றில் பெரும்பாலும் வன்பொருளும் நெட்வொர்க்கும், மற்றதில் இயங்குதளமும் பாதுகாப்பும். தேர்வை இப்போதே எழுத வேண்டும் என்றில்லை.

---

கேபிள்மன்னன் எழுதியது:

அம்மாவிடம் கேட்டேன், வருகிறேன் என்றார், ஆனால் கடைக்குள் வாயைத் திறக்கக் கூடாது என்று நான்தான் நிபந்தனை போட்டிருக்கிறேன். எங்கள் தெருமுனையில் பிரிண்டர் மையும் கம்ப்யூட்டரும் விற்கிற கடை ஒன்று இருக்கிறது, முதலாளி ஒருவரே எல்லாம் பார்க்கிறார். திங்கட்கிழமை மதியம் போகிறோம்.