டூரினில் பார்த்த காவும் மெரிட்டும்

பண்டைய எகிப்திய மன்னர் துட்டன்காமனின் தங்க முகமூடியைப் பார்த்துவந்த சிலர் எழுதிய அனுபவங்களை ஆவலோடு படித்தேன். நான் சொல்லப்போவது அரசர்களின் கதை அல்ல. இத்தாலியில் டூரின் நகரத்து எகிப்திய அருங்காட்சியகத்தில், பண்டைய எகிப்தில் வாழ்ந்த கா, மெரிட் என்ற கணவனும் மனைவியும் மறுமைக்கென்று கட்டி எடுத்துச்சென்ற வீட்டுச் சாமான்களைப் பார்த்தேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

1824-இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. எகிப்திய மன்னர் இரண்டாம் ராம்சேசின் கரிய கற்சிலை இருக்கும் மண்டபத்தில்தான் கூட்டம் நெரிகிறது. அந்த அழகுக்குக் கூட்டம் கூடுவது நியாயமே. ஆனால் அம்மாவும் நானும் நெடுநேரம் நின்றது காவின் கல்லறைப் பொருள்களை வைத்திருக்கும் அறையில்.

கா அரசர்களுக்குக் கல்லறை குடையும் பணியை மேற்பார்த்தவர். இரண்டாம் அமென்ஹோடெப் முதல் மூன்றாம் அமென்ஹோடெப் வரை மூன்று மன்னர்களிடம் வேலை பார்த்திருக்கிறார். அவர் மனைவி பெயர் மெரிட். எகிப்தில் நைல் நதிக்கரை நகரமான லக்சருக்கு எதிர்க்கரையில் டெய்ர் எல் மெடினா என்ற கைவினைஞர் கிராமத்தை ஒட்டிய குன்றில், 1906-இல் இத்தாலியத் தொல்லியலாளர் எர்னஸ்டோ ஸ்கியாபரெல்லியின் குழு இவர்களுடைய கல்லறையைக் கண்டுபிடித்தது. மரக்கதவு பூட்டியபடியே இருந்தது. சவப்பெட்டிகள்மேல் போர்த்திய லினன் துணிகூடக் கலையவில்லை. வழிபாட்டு மண்டபம் ஓரிடத்திலும் புதைத்த அறை சற்றுத் தள்ளியும் இருந்ததால் திருடர்களுக்குத் தடம் கிடைக்கவில்லை. அவர் பணிசெய்த மன்னர்களின் கல்லறைகளோ சூறையாடப்பட்டுவிட்டன.

460-க்கும் மேற்பட்ட பொருள்கள். ரொட்டிகள், பூண்டு, வெங்காயம், பேரீச்சம்பழம் எல்லாம் காய்ந்து சுருங்கி, ஆனால் பார்த்தவுடனே அடையாளம் தெரியும்படி இருக்கின்றன. ஒரு கூடை அருகே அம்மா குனிந்து, "இது சீரகம்தானே?" என்றார். விளக்கக் குறிப்பைப் படித்துப் பார்த்தேன். சீரகமேதான். அதன் பிறகு அம்மாவை அந்த அறையிலிருந்து நகர்த்த முடியவில்லை. மெரிட்டின் கட்டிலில் படுக்கை விரித்தே வைத்திருந்தார்களாம். தலையணைக் கட்டைக்குத் துணி சுற்றியிருந்தார்கள். மனித முடியில் பின்னிய அவளுடைய நீண்ட பொய்முடிக்கு உயரமான தனிப் பெட்டி. மை தீட்டும் குப்பிகள், வாசனைத் தைலச் சாடிகள் வேறு. காவின் கோவணத் துணிகளில் மையால் ஓர் அடையாளம் இட்டிருக்கிறது, நம் ஊர்ச் சலவைக் குறியைப் போல.

மன்னர் பரிசளித்த, பொன் போர்த்திய முழக்கோல் ஒன்று உண்டு. ஆனால் எனக்குப் பிடித்தது மற்றொரு முழக்கோல். மரத்தாலானது, நடுவில் மடங்கும், தோலுறையும் கொண்டது. வேலைக்குப் போகிறவன் கையோடு எடுத்துப்போகும் கருவி. அந்தப் பொன்கோலை ஒரு நிமிடம் பார்த்தேன் என்றால் இதைப் பத்து நிமிடம் பார்த்திருப்பேன்.

மெரிட் கணவனுக்கு முன்பே இறந்திருக்கிறாள். அவளுக்கென்று சவப்பெட்டி ஆயத்தமாக இல்லை. கா தனக்காகச் செய்துவைத்திருந்ததையே அவளுக்குக் கொடுத்துவிட்டார். அதன்மேல் எழுதியிருப்பது அவர் பெயர். உள்ளே அவளுக்குப் பெட்டி பெரிதாகிவிட்டதால், இடைவெளியில் அவருடைய குறியிட்ட துணிகளை அடைத்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இருவர் உடல்களையும் இன்றுவரை யாரும் கட்டவிழ்க்கவில்லை. ஊடுகதிர்ப் படங்கள் மட்டுமே எடுத்திருக்கிறார்கள். ஸ்கியாபரெல்லி எடுத்த அந்த முடிவுக்காக அவரை மனதார வணங்குகிறேன்.

இதே டெய்ர் எல் மெடினா கிராமத்தின் ஆவணம் ஒன்றும் டூரினில்தான் இருக்கிறது. காவுக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், மூன்றாம் ராம்சேசின் 29-ஆம் ஆட்சியாண்டில், கூலித் தானியம் வராததால் கல்லறைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஒரு கோயிலின் பின்புறம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பசியாலும் தாகத்தாலும் வந்தோம், துணியில்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை என்று அவர்கள் முறையிட்டதை எழுத்தர் ஒருவர் பப்பிரஸ் என்ற நாணல் தாளில் பதிந்துவைத்தார். போன மாதத்துப் பாக்கியை அதிகாரிகள் அளந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

டூரின் போகிறவர்கள் கால் சோர்வதற்கு முன்பே காவின் அறைக்குப் போய்விடுங்கள். ஏறத்தாழ 14 மீட்டர் நீளமுள்ள அவருடைய 'இறந்தோர் நூல்' என்ற, மறுமைப் பயணத்துக்கான மந்திரங்கள் எழுதிய சுருளையும் விட்டுவிட வேண்டாம். மறுமையின் கடவுளான ஓசிரிசின் முன் கணவனும் மனைவியும் சேர்ந்து வணங்கி நிற்கும் ஓவியம் அதில் இருக்கிறது.